இரண்டு தாள்களில் இறந்தவன்

என் அண்ணன் வதீ கடைசியாகச் செய்த வேலை, எங்கள் அம்மாவை ஒரு கட்டத்துக்குள் போட்டது.

சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. அன்றைக்குப் பாடம், ஒரு நிறுவனம் யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது. பெரிய சதுரம் ஒன்று வரைந்து நான்காகப் பிரிக்க வேண்டும். மேலே போகப் போக அதிகாரம் கூடும், வலப்பக்கம் போகப் போக அக்கறை கூடும். இரண்டும் உள்ளவரைப் பக்கத்திலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். அதிகாரம் மட்டும் உள்ளவரைத் திருப்தியாக வைத்திருக்க வேண்டும். அக்கறை மட்டும் உள்ளவருக்கு அவ்வப்போது தகவல் சொன்னால் போதும். இரண்டும் இல்லாதவரை எட்ட நின்று பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியர் கமீல் எங்களுக்கு ஒரு கற்பனைத் தண்ணீர் கம்பெனியைக் கொடுத்திருந்தார். வதீ அந்தக் கம்பெனியை அப்படியே விட்டுவிட்டுத் தன் வாழ்க்கைக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா மேலே வலது மூலையில், கோட்டைத் தாண்டிப் பிதுங்கிக்கொண்டிருந்தாள். மாமா நசீப்புக்கு அதிகாரம் உண்டு, அக்கறை கிடையாது. லமீஸ் கீழே வலப்பக்கம்.

"உன் பொண்டாட்டிக்கு அதிகாரமே இல்லையா?" என்று கேட்டேன்.

"அவ கைல பல்லுல ஓட்டை போடற மெஷின் இருக்கு. அதுக்கு மேல வேற வேணுமா?"

"நான் எங்க?"

கீழே இடது மூலையில் எறும்பு அளவுக்கு என் பெயரின் முதல் எழுத்தைக் காட்டினான். "உன்னை எட்ட நின்னு பாத்துக்கிட்டா போதும்."

நோட்டால் அவன் தலையில் ஒன்று வைத்தேன். இடைவேளை விட்டார்கள். கீழே தெருவில் அடுப்புக்கடை இருக்கிறது. மனாகீஷ் ரொட்டி வாங்கி வரப் போனான். மேலே ஜாத்தர் பொடியா சீஸா என்று வாசலில் நின்று கேட்டான். பாதி பாதி என்றேன். முடிவெடுக்கத் தெரியாத குடும்பம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வரிசையில் மூன்றாவதாக நின்றானாம். முன்னால் நின்றவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், பலகை மேல் கையை ஊன்றி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரர் அவன் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான் என்றே நினைத்தாராம். நாற்பத்து மூன்று வயது. இதயம்.

*

எங்கள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்வதேசத் தகவல்தொடர்பு மேலாண்மையில் முதுகலை. இரண்டு வருஷம், வெள்ளி மதியமும் சனி முழுக்கவும். பெய்ரூட்டில் வேலைக்குப் போகிறவர்கள் படிப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். பத்து வார்த்தையில் சொல்லக்கூடியதை நாற்பது வார்த்தையில் சொல்லி, பிறகு அம்புக்குறி போட்டுக் காட்டுவதுதான் சாரம். வதீ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தான். வாடிக்கையாளருக்கு 'முடியாது' என்று சொல்வதற்குப் பதிமூன்று விதமான கடிதங்கள் எழுதி வைத்திருந்தான். பட்டம் இருந்தால் பதினாலாவது எழுதலாம் என்று அவன் மேலாளர் சொன்னாராம். வகுப்பில் தனியாகத் தூங்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி என்னையும் சேர்த்துவிட்டான். நான் அப்போது ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இருந்தேன். மற்றவர்களின் பொய்களை மூன்று மொழிகளில் எழுதித் தருவது என் பிழைப்பு. எனக்கும் அந்தப் படிப்பு பொருத்தமாகத்தான் பட்டது.

எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் அனூஷ். புர்ஜ் ஹம்மூத்தில் வளர்ந்த அர்மீனியப் பெண், பிஸ்கட் கம்பெனியில் விளம்பரம் பார்க்கிறாள். படிப்பை உண்மையாகவே நம்பிய ஒரே ஆள் அவள்தான். பேராசிரியர் கமீல் நாலு வருஷம் பிரஸ்ஸல்ஸில் இருந்தவர், இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. ஒரே செய்தியை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள், கேட்பவரைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் அவரவருக்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள் என்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நாங்கள் செய்த காரியத்துக்கு வேர் அதுதான். பழியை அவர் மேல் போடவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

*

லமீஸ் வதீயின் மனைவி. பல் மருத்துவர். தரீக் அல் ஜதீதே பக்கம் அவள் வீடு, சுன்னி முஸ்லிம் குடும்பம். நாங்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். எங்கள் நாட்டில் இந்த மாதிரி இரண்டு பேர் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் சைப்ரஸுக்கு விமானம் ஏற வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் காலை விமானத்தில் போய், லார்னகா நகராட்சியில் கையெழுத்துப் போட்டு, கடற்கரையில் மீன் சாப்பிட்டு, மாலை விமானத்தில் திரும்பி வந்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்.

அம்மா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அப்படியொன்று நடக்கவே இல்லை என்று தீர்மானித்துவிட்டாள். ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வதீ தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். ஒரு பாத்திரம் நிறையக் கட்டிக் கொடுத்து, "ராத்திரிக்கும் வச்சுக்கோ, தனியா இருக்கறவன்" என்பாள். பாத்திரத்தில் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். இதோடு நிற்கவில்லை. அவனுக்குப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாவதற்கு இரண்டு மாதம் முன்புகூட, எதிர்வீட்டு மதாம் ஒதெத் தன் தங்கை மகளின் போட்டோவைக் கொண்டு வந்தாள். மருந்தாளுநர் பெண். வதீ போட்டோவைக் கவனமாகப் பார்த்து, பல்வரிசை நன்றாக இருக்கிறது, யாரோ நல்ல டாக்டர் பார்த்திருக்கிறார் என்றான்.

மருத்துவமனை வராந்தாவில் லமீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை அவளுக்கு அப்போது வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தாள்ல என் பேர் வருமா ஜுமானா?"

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் துக்கத் தாள் அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டுவோம். இறந்தவர் பெயர் நடுவில் பெரிதாக இருக்கும். ஆனால் அதை யாரும் முதலில் படிப்பதில்லை. மேலே இருக்கும் வரிசையைத்தான் படிப்பார்கள். யாருக்கு இவர் என்ன உறவு, யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில், யார் பெயர் விட்டுப்போயிற்று என்று. மனைவி முதல் வரி, பிறகு பிள்ளைகள், பெற்றோர், கூடப் பிறந்தவர்கள். அதில் இருந்தால்தான் நீங்கள் அவருக்கு உறவு. இல்லாவிட்டால் இரங்கல் கூடத்தில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகும் கூட்டத்தில் ஒருவர். லமீஸின் குடும்பம் அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது தாளில் பெயர் இல்லையென்றால், அந்த ஐந்து வருஷம் அவள் ஒருவனோடு சும்மா இருந்தாள் என்று ஆகும். அவளுக்கு வேண்டியது முதல் வரி, அவ்வளவுதான்.

அம்மாவும் ஒன்றுதான் கேட்டாள். கேட்டாள் என்பதைவிடச் சொன்னாள். லமீஸ் பெயர் தாளில் வந்தால், தேவாலயத்துக்கு அம்மா வரப்போவதில்லை. மாமா நசீப் பக்கத்தில் நின்று, பாதிரியார் கேள்வி கேட்பார், அடக்கத்தையே நிறுத்திவிடுவார் என்று எண்ணெய் ஊற்றினார். பாதிரியார் அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை. மாமா அவரைக் கேட்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

திங்கள் மூன்று மணிக்கு அடக்கம். ஞாயிறு மதியத்துக்குள் தாள் அச்சாக வேண்டும். எழுதுகிறவள் நான். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடையதையும் நான்தான் எழுதினேன். அப்போது இந்தப் படிப்பைப் படிக்காதவளாக இருந்ததால் ஒரே தாளில் முடிந்தது.

*

ஞாயிறு காலை அனூஷ் மடிக்கணினியோடு வந்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் நிறைந்திருந்ததால் சமையலறையில் வாஷிங் மெஷின் மேல் வைத்து வேலை செய்தோம். நடந்ததைச் சொன்னேன்.

"ஜுமானா ஜான்," என்றாள், அர்மீனியர் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி. "கோவிச்சுக்காதே. உனக்கு ரெண்டு விதமான வாசகர்கள் இருக்காங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வெட்கம். யாராவது தெருவில் போகிறவரிடம் சொல்லியிருந்தால், ஒரு பிணத்துக்கு இரண்டு தாளா என்று காறித் துப்பியிருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. மூன்று பருவம் படித்திருந்தோமே.

முதல் தாள் இப்படித் தொடங்கியது: அவருடைய தாயார் விதாத், சகோதரி ஜுமானா, தாய்மாமன் நசீப்பும் குடும்பத்தினரும், தாயகத்திலும் கடல் கடந்தும் வாழும் உறவினர் அனைவரும். இரண்டாவது தாள்: அவருடைய மனைவி டாக்டர் லமீஸ், தாயார் விதாத், பிறகு மற்றது அப்படியே. முதல் தாள் எங்கள் தெருக்களுக்கும் வடக்கே கூராவில் இருக்கும் எங்கள் ஊருக்கும். இரண்டாவது லமீஸின் கிளினிக் இருக்கும் தெரு, அவள் அப்பா வீட்டுப் பக்கம், வதீயின் ஆபீஸ், பல்கலைக்கழகம். வாட்ஸ்அப்பில் எதையும் போடக் கூடாது, அது கைமீறிப் போய்விடும். அனூஷ் அட்டவணை போட்டாள். தெரு வாரியாக, நிறம் பிரித்து, நேரம் குறித்து, யார் பொறுப்பு என்ற பத்தியோடு. இரண்டு தெருக்கள் சந்திக்கும் ஓரிடத்தில் இரண்டு தாள்களும் இருநூறு மீட்டர் நெருங்கி வந்தன. அங்கே எதுவும் ஒட்டாமல் இடைவெளி விட்டாள். எங்கள் ஊரில் உள்நாட்டுப் போர் நடந்தபோதுகூட அவ்வளவு கவனமாக எல்லை பிரித்திருக்க மாட்டார்கள்.

முதல் வரைவின் அடியில் 'மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ள' என்று பழக்கதோஷத்தில் என் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். செத்தவனைப் பற்றி மேலும் விவரம் கேட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உள்ளே கூடத்தில் பெண்கள் அழுகையை நிறுத்திக் கேட்டது தெரிந்தது. உடனே இருமினோம்.

அச்சகக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருப்பார், சாவுக்கு விடுமுறை இல்லாததால். நாற்பதும் நாற்பதும் அடித்துத் தருவதாகச் சொன்னார். இரண்டாவது கட்டை அனூஷ் எடுத்துப் போவதாகவும், முதல் கட்டைத் தேவாலயத்தின் பணியாள் அபு துஃபீக் எடுத்துப் போவதாகவும் ஏற்பாடு.

எங்கள் அட்டவணையில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா, லமீஸ், மாமா, பாதிரியார், ஆபீஸ், கிளினிக், ஊர். பசை வாளி வைத்திருந்த மனிதரை மட்டும் நாங்கள் எந்தக் கட்டத்திலும் போடவில்லை.

*

அபு துஃபீக் முன்னாலேயே போய்விட்டார். அச்சகக்காரர் இரண்டு கட்டையும் ஒரே பையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டார். அனூஷ் போனபோது, உங்கள் தேவாலயத்து ஆள் எடுத்துப் போய்விட்டார் என்று பதில் வந்தது. என்னை அழைத்திருக்கிறாள். நான் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவில் இருந்தேன், கைப்பேசி வேறு அறையில் கிடந்தது. நான்தான் திட்டத்தை மாற்றியிருப்பேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

அபு துஃபீக் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு விதமான தாள். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இறந்தவர் ஒரு கம்பெனியில் இருந்தால் கம்பெனியும் ஒரு தாள் போடும். சங்கத்தில் இருந்தால் சங்கமும் போடும். குடும்பத்துத் தாளுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டுவதுதான் வழக்கம். பிறகு நான் கேட்டபோது அவர் குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை. "நாப்பது ஜோடி இருந்துச்சு மகளே. நாப்பது எடத்துல ஒட்டினேன். ஒண்ணுகூட கோணல் இல்ல, போய்ப் பாரு."

பார்த்தேன். கோணல் இல்லைதான்.

திங்கள் பத்தரை மணிக்கு அம்மாவும் மாமாவும் நானும் தேவாலயக் கூடத்துக்கு நடந்து போனோம். வீட்டிலிருந்து இரண்டு தெரு. மருந்துக்கடைச் சுவருக்கு முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். துக்கத் தாளைப் படிப்பவர்கள் நிற்கிற மாதிரி நிற்கவில்லை. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு படங்களுக்கு இடையே ஆறு வித்தியாசம் தேடுகிறவர்கள் மாதிரி.

ஒரே சுவரில் என் அண்ணன் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை இறந்திருந்தான். இடப்பக்கம் கல்யாணம் ஆகாதவனாக. வலப்பக்கம் ஆனவனாக. போட்டோ ஒன்றுதான். கடற்கரையில் எடுத்தது, கண்ணைச் சுருக்கிச் சிரிப்பான். இரண்டிலும் இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று இருந்தது.

மாமாதான் முதலில் பாய்ந்தார். கார் சாவியால் தாளைச் சுரண்ட ஆரம்பித்தார். அபு துஃபீக்கின் பசை சாதாரணப் பசை இல்லை. மேல் பாதி கிழிந்து வந்தது, கீழ்ப் பாதி வர மறுத்தது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால், அவசரத்தில் அவர் சுரண்டியது இடப்பக்கத் தாளை. அதாவது அவருடைய பெயர் மூன்றாவதாகவே வருகிற, அவர் காப்பாற்ற நினைத்த தாளை. யாரோ பின்னாலிருந்து, "அண்ணே, அது இல்ல, அடுத்தது" என்று உதவி செய்தார்கள்.

"நிறுத்து நசீப்," என்றாள் அம்மா. "என் மகன் பேர் அதுல இருக்கு."

மாமா சாவியோடு நின்றார். அம்மா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கிழியாமல் இருந்த தாளை மேலிருந்து கீழ்வரை, அச்சகத்தின் பெயர் வரை படித்தாள். அவளை எல்லோரும் கூப்பிடுவது உம் வதீ என்றுதான். வதீயின் அம்மா. நாற்பத்து மூன்று வருஷமாக அவளுக்கு அந்தப் பெயர். அந்தத் தாளில் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது, இரண்டாம் இடத்தில்.

கூட்டத்திலிருந்து மதாம் ஒதெத் முன்னால் வந்தாள். கறுப்புச் சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்திருந்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உம் வதீ, உன் உசுரு நல்லா இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதே. இதுல எது சரி?"

லமீஸ் கேட்டது என் காதில் இருந்தது. அம்மா சொன்னதும் இருந்தது. இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லிவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தேன். இப்போது அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், லமீஸ் அந்தத் தெருவில் யாரும் இல்லாதவளாகிவிடுவாள். அதற்கு அம்மாவுக்கு ஐந்து வருஷப் பயிற்சி இருந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"இதோ இருக்கறதுதான் சரி. அவன் பொண்டாட்டி டாக்டர். இன்னொண்ணு அச்சாபீஸ்காரன் தப்பு. அவசரத்துல ஒரு வரிய விட்டுட்டான்."

"அப்போ..." மதாம் ஒதெத் தடுமாறினாள். "என் தங்கச்சி பொண்ணு போட்டோ?"

"நல்ல பொண்ணு. வேற எடம் பாரு."

கூட்டம் வழிவிட்டது. அம்மா நடந்தாள். பத்தடி போனதும் என் பக்கம் திரும்பாமலே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ரெண்டு தாள் யார் யோசனை?"

"என்னோடது."

"இதுக்கா ரெண்டு வருஷம் படிக்கறே?"

முதுகலையில் ஒரு பருவம் முழுக்க, இக்கட்டு வந்தால் நிறுவனம் எப்படி வாய் திறக்க வேண்டும் என்று படித்திருந்தோம். உண்மையைச் சீக்கிரமாகச் சொல், குறைவாகச் சொல், ஒரே வாயால் சொல், கூடுமானால் பழியை வெளியே தள்ளு. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள். நான்கையும் மருந்துக்கடைச் சுவருக்கு முன்னால் அரை நிமிஷத்தில் செய்து முடித்திருந்தாள். பாவம், அச்சகக்காரர். அவரை அந்தத் தெருவில் ஒரு வருஷம் திட்டினார்கள்.

பாசத்தால் செய்தாள் என்று நான் எழுத மாட்டேன். பொய்க்காரி என்று பெயர் எடுப்பதைவிட மருமகள் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டிருப்பாள். அல்லது தாளைக் கீழ்வரை படித்தபோது வேறு ஏதாவது நடந்திருக்கலாம். அவள் சொன்னதில்லை.

கூடத்து வாசலுக்கு வந்ததும் நின்றாள். "அந்தப் பொண்ணு எங்க?"

பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் தன் தம்பியின் காரில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

"கூட்டிட்டு வா. அவ இல்லாம நான் போய் உக்காந்தா, இப்ப சொன்னதெல்லாம் பொய்யாயிடும்."

லமீஸ் காரின் கண்ணாடியை இறக்கினாள். தேவாலயத்து மதில் நேர் எதிரே. அங்கேயும் ஒரு ஜோடி ஒட்டியிருந்தது. அவள் எவ்வளவு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"ரெண்டையும் படிச்சேன்," என்றாள்.

நான் கார்க் கதவில் கை வைத்தேன்.

"நீ எல்லாருக்கும் நல்லவளா இருக்கப் பாத்தே."

"ஆமா."

"வதீ இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு," என்றாள். அப்போதுதான் அழுதாள். அவள் தம்பி இறங்கி, கொஞ்ச தூரம் போய், சும்மா ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுது முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வரச் சொல்கிறாள் என்று அதன் பிறகுதான் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது இறங்கினாள்.

பெண்கள் பக்கத்தில் குடும்பத்துக்கென்று சுவரோரம் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் நாற்காலி மனைவிக்கு. அம்மா அதில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். லமீஸ் எதிரில் வந்து நின்றதும் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினாள். தாளில் லமீஸ் முதலில், நாற்காலியில் அம்மா முதலில். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சர்க்கரை போடாத காபி வந்தது. வரிசையாக ஆட்கள் வந்து அம்மாவின் கையைக் குலுக்கி, கொஞ்சம் தயங்கி, லமீஸின் கையைக் குலுக்கி, என்னிடம் வந்தார்கள். ஒரு இடைவெளியில் அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சனிக்கிழமை காலைல சாப்பிட்டானா?"

இரண்டு நாளாக வீட்டில் அத்தனை பேர் வந்து போனார்கள். யாரிடமும் அவள் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

"சாப்பிட்டாரு அத்தே," என்றாள் லமீஸ். "ரெண்டு முட்டை. லப்னே தயிர். பாதி ரொட்டி."

"முட்டைக்கு உப்பு?"

"கொஞ்சம்தான். பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாரு."

அம்மா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொல்லவே இல்ல."

"என்கிட்டயும் சொல்லல. கோட்டுப் பையில பாத்துக் கண்டுபிடிச்சேன்."

அம்மா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். அடுத்த வரிசை வந்துவிட்டது. இரண்டு பேரும் கையை நீட்டினார்கள்.

*

பேராசிரியர் கமீல் இரங்கலுக்கு வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்து, வதீ வகுப்புக்கு எவ்வளவு உயிர் கொடுத்தான் என்றெல்லாம் சொல்லி, போகும்போது குரலைத் தாழ்த்தி, சரியான நேரம் வரும்போது, நான் விரும்பினால் மட்டும், இந்த இரண்டு தாள் விஷயத்தை வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். மறுவருஷம் 'மத்தியதரைக் கடலோரக் குடும்பம் ஒன்று' என்று பெயர் மாற்றி நடத்தினார் என்று கேள்வி.

பட்டம் வாங்கிவிட்டேன். இருபதுக்குப் பதிமூன்று. அனூஷுக்குப் பதினேழு, இப்போது துபாயில் இருக்கிறாள். பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு விமான நிறுவனத்துக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கடைச் சுவரை இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டார்கள். மதாம் ஒதெத்தின் தங்கை மகளுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தைக்குப் பல் முளைத்தாயிற்று. லமீஸிடம்தான் காட்டினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லமீஸ் சாப்பிட வருகிறாள். எல்லா வாரமும் இல்லை. பன்னிரண்டரைக்குத் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டே அம்மாவை அழைப்பாள். அம்மா கை மாவாக இருந்தால் நான் கைப்பேசியை எடுத்து அவள் காதில் வைப்பேன். திரையில் 'பல் டாக்டர்' என்று வரும். அந்த எண் வதீ இருந்தபோதே அம்மாவிடம் இருந்திருக்கிறது. எப்படி வந்தது, எதற்கு வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. பெயரை மாற்றித் தரட்டுமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன்.

"ஏன், அவ பல் டாக்டர் இல்லையா?" என்றாள் அம்மா.

இன்னும் அப்படித்தான் இருக்கிறது.